பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்? வண்ணாரப்பேட்டை டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். வயது 57. வீட்டில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. முதலாவது, 2009இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்: கோர் 2 டியோ, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. இரண்டாவது, மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்: பென்டியம், 2 ஜிபி ரேம். அதில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று சேர்ந்து வந்தது, கடையில் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது, உறவினர் கொடுத்த சின்ன நெட்புக்: ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம். மூன்றும் ஆமை வேகம். கடைக்காரர் எல்லாம் குப்பை என்கிறார். வேண்டுமானால் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். பொறியியல் படிக்கும் அக்கா மகன் லேப்டாப்பில் காளி லினக்ஸ் போட்டுவிட்டுப் போய்விட்டான், எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. வினாத்தாள்களை வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்வேன், கேனன் 2900 பிரின்டரில் எடுப்பேன். பிள்ளைகளுக்கு யூடியூப் பாடம் போட வேண்டும். இணையத்தில் தேடினால் நூறு லினக்ஸ் பெயர்கள் வருகின்றன. எதைப் போடுவது?

பதில்:

வணக்கம் டீச்சர்.

கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கே உங்களுக்கு முதல் நன்றி. பெரும்பாலானவர்கள் "என் கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, எந்த லினக்ஸ் நல்லது" என்று ஒற்றை வரியில் நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் சிப் பெயர், ரேம் அளவு, பிரின்டர் மாடல் வரை எழுதியிருக்கிறீர்கள். பதில் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஓர் இயங்குதளம், இலவசமாகக் கிடைக்கும், பல குழுக்கள் பல பெயர்களில் தருகின்றன. உங்களுக்கான பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டிலும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். மின்ட்டில் மூன்று பதிப்புகள் உண்டு: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. அவற்றில் இலேசான எக்ஸ்எஃப்சிஇதான் உங்களுக்கு. நெட்புக்கை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

ஆனால் லினக்ஸைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஒரு மாதத்தில் "இதுவும் ஆமைதான்" என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். உங்கள் கம்ப்யூட்டர்களின் மெத்தனத்துக்கு விண்டோஸ் பாதிக் காரணம்தான். மீதிப் பழி சுழலும் ஹார்ட் டிஸ்க்கைச் சேரும். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது, ஊசி போன்ற முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய டிஸ்க்கில் சில இடங்கள் பழுதாகியிருக்கும். ஒரே இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போது திரை உறைந்து நிற்கிறது. நாமோ வைரஸ் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அதற்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியை வாங்கிப் போடுங்கள். இரண்டரை அங்குல சாட்டா வகை, 240 அல்லது 256 ஜிபி போதும். உங்கள் டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டிலும் அதே வகைதான் பொருந்தும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நீங்கள் தினமும் உட்காரும் கம்ப்யூட்டருக்கு முதலில் போடுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்எஸ்டியாக, பில்லும் வாரன்ட்டியும் உள்ளதாக வாங்குங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்குத் தரும் எஸ்எஸ்டியில் வினாத்தாள்களைச் சேமிப்பதைவிடச் சிலேட்டில் எழுதி வைக்கலாம்.

அடுத்தது ரேம். இரண்டிலும் 2 ஜிபி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி போதும், வசதியாக ஓட 4 ஜிபி வேண்டும் என்று மின்ட் குழுவே சொல்கிறது. ஓடும், ஆனால் பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்ததும் மூச்சு வாங்கும். இன்று ரேமை விழுங்குவது இயங்குதளத்தைவிடப் பிரவுசர்தான். உங்கள் ஜி31 போர்டு டிடிஆர்2 ரேம் மட்டும் ஏற்கும், மொத்தம் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. டிடிஆர்2 புதிதாகக் கிடைப்பது அரிது, பழைய சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். லேப்டாப் ரேம் வாங்கப் போகும்போது உள்ளே இருப்பதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். மேலே ஒட்டிய லேபிளில் பிசி3 என்றோ பிசி3எல் என்றோ இருக்கும். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட்டிலும் ஓடும் வகை. அதே வகையாகப் பார்த்து வாங்கினால் வம்பில்லை.

ரேமைக் கழற்றியதும் அதன் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளைப் பாருங்கள். நம் பக்கத்துக்கே உரிய தொல்லை அங்கேதான் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று ஜன்னல் கம்பியை மட்டும் தின்பதில்லை. அந்தப் பட்டைகள் மங்கி, பழுப்பேறி, தொடர்பு விட்டுப்போகும். கம்ப்யூட்டர் திடீரென்று பீப் பீப் என்று கத்திவிட்டு ஆன் ஆக மறுக்கும். மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது விலை பேசுவார்கள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பட்டைகளை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிக் என்ற சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினால் பல கம்ப்யூட்டர்கள் உயிர் பெற்றுவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

டெஸ்க்டாப்பைத் திறந்த கையோடு மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் வட்ட பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கம்ப்யூட்டரின் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். தேதி தவறாக இருந்தால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று பிரவுசர் தடுக்கும். லினக்ஸ் போட்ட மறுநாளே இப்படி ஆனால் பழி லினக்ஸ் மேல்தான் விழும்.

இனி கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் வைத்த விதி. இந்த விதியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழிகள் இருக்கின்றன, கடைக்காரர் சொல்வது அதைத்தான். ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து, கோர் 2 டியோவில் இல்லாத சில கட்டளைகள் இருந்தால்தான் விண்டோஸ் 11 தொடங்கவே செய்யும். ஆகவே உங்கள் டெஸ்க்டாப்பில் அவர் ஏற்றப்போவது பழைய பதிப்பாக இருக்கும், அதுவும் உரிமம் இல்லாத நகலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் மேல் கோபப்படாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காளி லினக்ஸ் மேல் ஒரு மோகம் இருக்கிறது. அது நெட்வொர்க்குகளின் பாதுகாப்பைச் சோதிக்கிறவர்களுக்காகச் செய்த கருவிப்பெட்டி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வினாத்தாள் அடிக்க அதைக் கொடுப்பது காய் நறுக்க அறுவை சிகிச்சைக் கத்தியைக் கொடுப்பது போல. ஆனால் பையனுக்கு பென் டிரைவ் தயாரிக்கவும், கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கவும் தெரிந்திருக்கிறது. நமக்கு வேண்டியது அந்தக் கைப்பழக்கம்தான். அவனையே கூப்பிடுங்கள்.

ஏன் மின்ட்? அதில் ஒன்றும் மந்திரம் இல்லை. விண்டோஸ் 7 பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது: இடது கீழ் மூலையில் மெனு, அடியில் பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம். உபுண்டு என்ற பரவலான லினக்ஸின் அடித்தளத்தில் கட்டியதால் எந்தச் சிக்கலுக்கும் தேடினால் விடை கிடைக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. டைம்ஷிஃப்ட் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. ஏதாவது புதுப்பித்துக் கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதை முதல் நாளே இயக்கி வைக்கச் சொல்லுங்கள். அது கணினியின் அமைப்பைத்தான் காப்பாற்றும், உங்கள் வினாத்தாள்களுக்குத் தனியாக நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற பெயர்களை வேகமாகக் கடந்துவிடலாம். உபுண்டு நல்லதுதான், ஆனால் அதன் முகப்பு 2 ஜிபி ரேமுக்குப் பாரம். ஃபெடோராவில் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ பதின்மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும். ஆர்ச் வகையறா, கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு. எம்எக்ஸ் லினக்ஸ் எனக்குப் பிடித்தது, ஆனால் புதியவருக்கு அதில் அமைப்புகள் கொஞ்சம் அதிகம். லேப்டாப்புக்கு ரேம் கிடைக்கவே இல்லை, 2 ஜிபியோடுதான் ஓட்டியாக வேண்டும் என்றால் லுபுண்டுவைப் பாருங்கள். மின்ட்டைவிட இன்னும் இலேசானது, நீண்டகாலப் பதிப்புக்கு மூன்றாண்டு ஆதரவு உண்டு. ஆனாலும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே லினக்ஸ் இருப்பதையே விரும்புவேன். ஒன்றில் கற்றது மற்றதில் அப்படியே கைகொடுக்கும், பிள்ளைகளும் குழம்ப மாட்டார்கள்.

உங்கள் லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழி வசதிகளோடு உருவாக்கியது. நம் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் கையில் கிடைத்த முதல் வாய்ப்பு அது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை, கடைகளில் முதல் வேலையாக அதை அழித்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக் காசு பார்த்தார்கள். நல்ல வாய்ப்பு ஒன்று அப்படிப் பாழானது என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. அதையே திரும்பப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். உதவிக்கு ஆள் தேடும்போது மின்ட்தான் வசதி.

நிறுவுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. அதை மின்ட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் பதிவிறக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் யாரோ அந்த இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். குழுவினர் உடனே கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதனால்தான் பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறோம். பையனுக்கு அதைச் செய்யத் தெரியும், சோம்பல்படுவான், விடாதீர்கள். பிறகு ரூஃபஸ் போன்ற மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும்.

அந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினால் உள்ளே எதையும் தொடாமலே மின்ட் முழுதாகத் திறந்து ஓடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் ஓடுகிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். பென் டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம். வைஃபை தெரியவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் பிராட்காம் சிப் இருக்கும், அதற்குத் தனியாக டிரைவர் வேண்டும். உங்கள் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் உடனே இணையம் வந்துவிடும். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜர் தேவையானதைத் தானே காட்டும்.

அதே சோதனையில் "டிஸ்க்ஸ்" என்ற கருவியைத் திறந்து பழைய ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பழுதான இடங்களின் எண்ணிக்கை அதில் தெரியும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மகளின் படங்களையும் வினாத்தாள்களையும் வேறு இடத்தில் இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அது லினக்ஸ் அல்ல, பிரின்டர். கேனன் 2900 அருமையான பிரின்டர்; வட சென்னையில் ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் அது நின்றுகொண்டிருக்கும். டோனரும் மலிவு, அடித்தாலும் உடையாது. ஆனால் அது கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில்தான் கம்ப்யூட்டரோடு பேசும். லினக்ஸுக்கு கேனன் கொடுத்த டிரைவர் பழையது, ஆர்வலர்கள் எழுதிய டிரைவரும் இருக்கிறது. இரண்டையும் ஓடவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு புதுப்பிப்பு வந்தால் நின்றுபோகலாம். நாளை காலை தேர்வு என்ற இரவில் நீங்கள் அந்த விளையாட்டில் மாட்டக்கூடாது.

அதனால் டெஸ்க்டாப்பில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை, அதில் உள்ள விண்டோஸ் 7ஓடு, அப்படியே விட்டுவிடுங்கள். அதன் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டியை மட்டும் இணைத்து மின்ட்டை நிறுவுங்கள். இரண்டும் இணைந்திருக்கும்போது நிறுவினால் தொடக்க நிரல் தவறான டிஸ்க்கில் போய் உட்கார வாய்ப்புண்டு. கேபிளைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை, தலைவலி மிச்சம். நிறுவி முடித்த பின் பழைய டிஸ்க்கை மறுபடி இணையுங்கள். வழக்கமாகக் கம்ப்யூட்டர் மின்ட்டில் திறக்கும். பிரின்ட் எடுக்க வேண்டிய நாளில் மட்டும், தொடங்கும்போது பூட் மெனுவில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வரும். மின்ட்டில் வினாத்தாளை பிடிஎஃப் ஆக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸில் அதைத் திறந்து அச்சிடுங்கள். அந்த விண்டோஸை இணையத்தோடு இணைக்கவே கூடாது, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டே திறங்கள். ஆனால் அந்த டிஸ்க்கின் உடல்நிலை மோசம் என்று சோதனையில் தெரிந்தால் இந்த ஏற்பாட்டை நம்பி இருக்காதீர்கள். பிடிஎஃப் கையில் இருந்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடையிலும் எடுத்துக்கொள்ளலாம்.

என்றாவது பிரின்டர் மாற்றும் எண்ணம் வந்தால் எச்பி, பிரதர் இரண்டிலும் லினக்ஸ் ஆதரவு நன்றாக இருக்கிறது. எச்பியில் சில மாடல்களுக்குக் கூடுதலாக ஒரு சிறு மென்பொருளை இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எப்சன் இங்க் டேங்க் வகைகளுக்கும் டிரைவர் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் மாடல் எண்ணோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது வானவில். பழைய எழுத்துருக்களில் கோப்பைத் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். உங்களுக்கே பழக்கமான காட்சிதான். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. விண்டோஸில் நீங்கள் பயன்படுத்திய எழுத்துருக் கோப்பை மின்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுவினால் பழைய வினாத்தாள்கள் லிப்ரே ஆபிஸில் (வேர்டுக்குப் பதிலான இலவச மென்பொருள்) தமிழாகவே தெரியும். ஆனால் இனி அடிக்கும் வினாத்தாள்களை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று உங்களை வற்புறுத்துவேன். யூனிகோடில் அடித்தது வாட்ஸ்அப்பிலும் ஓடும், போனிலும் தெரியும், பத்தாண்டு கழித்தும் படிக்க முடியும். பழைய கோப்புகளில் முக்கியமானவற்றை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், அங்கேதான் பிசகும்.

தட்டச்சு முறை மாறுமே என்று பயப்படாதீர்கள். மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டையும் தேடி நிறுவி, இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் தமிழ் விசைப்பலகைகள் வரிசையாக இருக்கும். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையும் இருக்கும், பழைய தட்டச்சுப் பொறி முறையும் இருக்கும், ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறையும் இருக்கும். உங்கள் விரல்களுக்கு எது பழக்கமோ அதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 சொல்லிக் கொடுங்கள். உயிரெழுத்து இடது கை, மெய்யெழுத்து வலது கை என்ற ஒழுங்கு பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

லிப்ரே ஆபிஸில் வேர்டு கோப்புகள் திறக்கும். ஆனால் பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக என்று அட்டவணை போட்ட வினாத்தாள் வேறு ஒருவரின் விண்டோஸிலிருந்து வந்தால் கொஞ்சம் இடம் பெயரும். அவர் லதா எழுத்துருவில் அடித்திருப்பார், உங்கள் கம்ப்யூட்டரில் லதா இருக்காது. வேறு எழுத்துரு வந்து உட்காரும், அதன் அகலம் வேறு, இரண்டு பக்கத் தாளின் கடைசிக் கேள்வி மட்டும் மூன்றாம் பக்கத்துக்குத் தனியாகப் போய் நிற்கும். அச்சுக்குப் போவதைப் பிடிஎஃபாக வாங்குங்கள், பிடிஎஃபாகக் கொடுங்கள்.

யூடியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யூடியூப் இப்போது விபி9, ஏவி1 போன்ற புதிய வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. பழைய கிராபிக்ஸ் சிப்புகளுக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாது, மொத்தச் சுமையும் செயலியின் தலையில் விழும், விசிறி இரையும், படம் திக்கும். ஃபயர்ஃபாக்ஸில் எச்264-இஃபை என்ற சிறு நீட்சியைச் சேர்த்தால் யூடியூப் பழைய எச்.264 வடிவத்தில் அனுப்பும், சுமை கணிசமாகக் குறையும். தரத்தை 480பி-யில் வையுங்கள். கரும்பலகையில் எழுதும் பாடத்துக்கு அதுவே தாராளம். பாடம் ஓடும்போது மற்ற பக்கங்களை மூடிவிடச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதற்கு நிர்வாகி அதிகாரம் கொடுக்காமல் விடுங்கள். மென்பொருளை அழிக்கவோ அமைப்பை மாற்றவோ உங்கள் கடவுச்சொல் வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், பெரிய பிள்ளைகளின் கணக்குக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்கு ஸ்டெல்லாரியம் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். இரவில் மின்சாரம் போகும்போது ஸ்டெல்லாரியத்தைத் திறந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் பாடம் தானே நடக்கும், லேப்டாப் பேட்டரி ஒத்துழைத்தால்.

விண்டோஸை முழுதாக விட முடியாதவர்களும் உண்டு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி அரசுத் தளங்களில் வேலை செய்கிறவர்கள் லினக்ஸுக்கு முழுதாக மாறினால் அவதிப்படுவார்கள். டீச்சரின் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? சென்னையில் லினக்ஸ் பயனாளர் குழு நீண்ட காலமாக இயங்குகிறது, காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் துடிப்பான குழுக்கள் இருக்கின்றன. புதியவர்களைக் கேலி செய்யாத மனிதர்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் படிக்கக் கணியம் இதழ் 2012 முதல் வருகிறது. கேட்கும்போது இந்தக் கடிதத்தில் எழுதியது போலவே மாடல் எண்ணோடு கேளுங்கள்.

கடைசியாக நெட்புக். ஆட்டம் என்270 என்பது 32 பிட் சிப். மின்ட்டின் இப்போதைய பதிப்புகள் 64 பிட்டுக்கு மட்டும். கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸை 2016லேயே கைவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான நிறுவியே இல்லை. ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலேசான லினக்ஸ்களைப் போட்டால் நெட்புக் எழுந்து உட்காரும், இணையமில்லாமல் தட்டச்சுப் பழக உதவும். இணையத்துக்கு நம்பாதீர்கள், அதற்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். அக்கா மகனுக்கு ஆசையிருந்தால் அவன் கைக்குக் கொடுங்கள், காளியை வைத்து அவன் செய்ய நினைத்த சோதனைகளை எல்லாம் அதில் செய்யட்டும்.

அவனுக்கும் வேண்டாம் என்றால், தெருவில் வரும் பழைய இரும்பு வண்டியில் போட்டுவிடாதீர்கள். அங்கிருந்து கைமாறிப் போகும் கம்பிகளைச் செம்புக்காகக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை நம் பக்கத்துக் காற்றில்தான் கலக்கிறது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கும் அது போக வேண்டாம். மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. கொடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உறவினரிடம் சேர்த்துவிடுங்கள், அவர் வீட்டுப் படங்கள் இன்னும் அதில் இருக்கலாம்.